தேர்ந்தெடுத்தவர் யார்?

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, நெடும்பயணத்துக்குப் பெரிய வண்டி எது வாங்கலாம்?" என்று கேட்டார். இன்று அக்கேள்விக்குப் பல விடைகள் உண்டு. என் தந்தையின் தலைமுறைக்குப் பெரிய வண்டி என்றால் புல்லட்தான்.

அதுவும் அவர்கள் தேர்ந்தது அன்று. எல்லைக் காவலுக்காக 1950களில் இந்திய இராணுவம் தேர்ந்த வண்டி அது. அத்தேவையை ஒட்டியே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 346 சி.சி. எஞ்சினில் பிஸ்டனின் வீச்சு 90 மி.மீ.; உருளையின் விட்டமோ 70தான். ஆகவே குறைந்த வேகத்திலும் இழுவை குன்றாது. மலைப்பாதையில் படைவீரருக்கு உதவிய அக்குணமே, மூட்டை முடிச்சுகளோடு பெங்களூர்ச் சாலையில் சென்றவருக்கும் உதவியது.

1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் தாய் நிறுவனமும் மறைந்தது. 1977இலோ சென்னைப் புல்லட் பிரிட்டனுக்கே கப்பலேறியது. 2018இல் விற்பனைக்கு வந்த 650 சி.சி. இன்டர்செப்டர், ரெட்டிச்சின் பழம்பெயரைச் சுமந்து சென்னைப் புறநகரில் பிறந்தது.

மாணவரிடம் வண்டியின் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. "உங்கள் தந்தைக்குக் கிடைக்காத உரிமை இது, நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்" என்றேன்.