கூட்டேரிப்பட்டுக் கூட்டுரோடும் செவ்வாய் கிரகமும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "எனக்கு என்னப்பா எழுதத் தெரியும், நான் கணக்குக்காரன்" என்றேன். "அப்ப கணக்கையே எழுதுங்க" என்று வைத்துவிட்டார். எழுதுகிறேன். இது யாருக்கு முதலில் வழி விடுவது என்கிற கணக்கு.

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்று படித்த நண்பர்களே, ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மயிலம் ரோட்டில், நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில், ஒரே வண்டி போகிற அளவுக்குக் கல்வெர்ட்டு. அதன்மேல் கரும்பு டிராக்டர். அதன் பின்னால் சங்கு ஊதிக்கொண்டு ஆம்புலன்ஸ். நெடுஞ்சாலையிலோ திண்டிவனம், விழுப்புரம் பஸ்கள் ஓயாமல் போகின்றன. டிராக்டர் பஸ்ஸுக்கு வழிவிட்டே ஆகவேண்டும். டிராக்டர் நகராமல் ஆம்புலன்ஸ் நகராது. ஆக, எல்லோருக்கும் முந்திப் போகவேண்டிய ஆம்புலன்ஸை, அதன் வழிக்கே வராத பஸ்கள் நிறுத்திவிட்டன! கம்ப்யூட்டரிலும் இது நடக்கும். இதற்குப் 'பிரையாரிட்டி இன்வெர்ஷன்', அதாவது முன்னுரிமை தலைகீழாவது என்று பெயர்.

குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்தே தீரவேண்டிய கம்ப்யூட்டர்களுக்கு 1973-இல் லியூ, லேலண்ட் என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். அடிக்கடி வரும் வேலைக்கு உயர்ந்த முன்னுரிமை கொடு. மொத்தச் சுமை 69 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் எத்தனை வேலையானாலும் கெடு தவறாது என்றார்கள். ஆனால், ஒரு வேலை இன்னொன்றுக்காகக் காத்திருக்காது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை. நடைமுறையில் கல்வெர்ட்டு இல்லாத ஊர் ஏது? இந்தச் சிக்கலை 1980-இல் லாம்ப்சன், ரெடெல் இருவரும் எழுதிக் காட்டினார்கள்.

தீர்வை முறையாக ஆராய்ந்து நிறுவியவர்கள் மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. இவர்களில் ராஜ்குமார் 1984-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. பட்டம் பெற்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். நம் சான்றிதழிலும் அதே சென்னைப் பல்கலைக்கழக முத்திரைதானே! 1990 செப்டம்பரில் வெளிவந்த அவர்கள் கட்டுரையின் சாரம் இதுதான்: ஆம்புலன்ஸ் காத்திருக்கும்வரை அதன் சங்கை டிராக்டருக்குக் கொடு. பஸ்கள் நிற்கும். கல்வெர்ட்டைத் தாண்டியதும் சங்கைத் திரும்ப வாங்கிக்கொள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்றுதான் நானும் நினைத்தேன். 1994-இல் சென்னையில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். ஒரு கட்டுப்பாட்டு இயந்திரம் பத்து நாளுக்கு ஒருதரம் காரணமில்லாமல் நின்றுபோகும். புரோகிராம் எழுதியவர் நம் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். "எழுதினது நீ, தப்பும் உன்னுதுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அண்ணே, தனித்தனியா ஓட்டினா எல்லாம் சரியா இருக்குண்ணே" என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார்.

1997 ஜூலை 4 அன்று 'பாத்ஃபைண்டர்' விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து மறுபடி தொடங்க ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேர்க்கும் சின்ன வேலை ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, நடுத்தர வேலைகள் குறுக்கே ஓட, முக்கியமான வேலை காத்துக் கிடந்தது. காவல் கடிகாரம் கோளாறென்று கருதிக் கம்ப்யூட்டரை மறுதொடக்கம் செய்தது. பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் அதே கோளாறை வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். மூவர் சொன்ன தீர்வு அந்த மென்பொருளிலேயே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் முடுக்கிவிடப்படவில்லை! பூமியிலிருந்தே அதை முடுக்கிவிட்டார்கள், கோளாறு நின்றது. அந்த டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இந்தக் கதை சொல்லப்பட்டபோது மூவரும் சபையில்தான் இருந்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்களாம்.

இந்த முறை 2006-இல் லினக்ஸிலும் சேர்ந்தது. 2007-இல் ஓட்டுநர் இல்லாக் கார்ப் போட்டியில் வென்ற கார்னகி மெலன் குழுவில் ராஜ்குமாரும் இருந்தார்.

பாத்ஃபைண்டர் கதையைப் படித்த அன்று இரவே பழைய பிரிண்ட்-அவுட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று வேலைகள், ஒரு பூட்டு. அச்சு அசல் அதே கோளாறு. தம்பி சொன்னது சரி: தனித்தனியே எதிலும் தப்பில்லை; சேர்ந்து ஓடும்போதுதான் தப்பு. அதைப் பார்க்கவேண்டிய பொறுப்பு என்னுடையது.

அவர் விலாசம் என்னிடம் இல்லை. சங்கத்துப் பட்டியலில் பெயர் இருக்கிறது. மலர் அவர் கைக்குப் போகும். தம்பி, தப்பு உன்னுது இல்லப்பா. சந்திப்புக்கு வந்தால் கூட்டேரிப்பட்டில் இறங்கு. கூட்டுரோட்டில் டீக்கடைப் பக்கம் நான் நிற்பேன். எத்தனை பஸ் போனாலும் காத்திருப்பேன்.