சேவைக்கும் ஒரு படிப்பு

அண்மையில் வெள்ளவத்தையில் உறவினர் வீடொன்றில் சிறியதொரு வழக்காடல் நடந்தது. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருந்த மகள், சமூகப் பணிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். "சனத்துக்கு உதவி செய்யிறதுக்குப் படிப்பு எதுக்கு? மனம் இருந்தாப் போதாதே?" என்றார் தகப்பனார். "மாமா, நீங்களே சொல்லுங்கோ" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். அன்று நான் சொன்னவற்றையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

தகப்பனாரின் கேள்வி பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரை ஏழைகளுக்கு உதவுவது செல்வர்களின் தருமமாகவும் சமயத்தாரின் கடமையாகவுமே கருதப்பட்டது. ஒரே குடும்பம் ஏன் திரும்பத் திரும்ப உதவி கேட்டு வருகிறது என்பதைத் தருமத்தால் மட்டும் விளக்க முடியவில்லை. அதைக் கற்க வேண்டும் என்று கருதியவர்கள் 1898ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஆறு வாரக் கோடைகால வகுப்பொன்றை நடத்தினார்கள். இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகப் பணிக் கல்லூரியின் வேர் அதுவே. பம்பாயில் 1936இல் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவில் இத்துறைக்கென ஒரு கல்விக்கூடம் எழுந்தது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னையிலும் ஒன்று தோன்றியது.

அதே 1952இல்தான் கொழும்பிலும் சமூகப் பணி நிறுவகம் தொடங்கப்பட்டது. டாக்டர் டொரதி மோசஸின் பெயர் அதன் தொடக்கத்தோடு இணைந்திருக்கிறது.

அதற்கு முன்பு இங்கு எதுவும் இருக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கனடாவில் பிறந்து, 1896இல் மருத்துவராக இலங்கைக்கு வந்து, எஸ். சி. கே. இரத்தினம் என்ற தமிழரை மணந்த டாக்டர் மேரி இரத்தினம், 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமிதியை உருவாக்கினார். கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரமும் வீட்டுப் பொருளாதாரமும் கற்பித்து, அவர்களையே அயலவருக்கு வழிகாட்டிகளாக்கிய இயக்கம் அது. 1937இல் வெள்ளவத்தைக்கு அயலிலுள்ள பம்பலப்பிட்டியிலிருந்து கொழும்பு மாநகர சபைக்கு அவர் தெரிவானார். 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. தொண்டு செய்பவருக்கும் பயிற்சி வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

எனக்கு அந்த உண்மை உறைத்தது 1983 ஜூலையில். வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த பின், கொழும்பின் பாடசாலைகளும் கோயில்களும் அகதி முகாம்களாயின. ஒரு முகாமுக்கு நானும் குறிப்பேட்டோடு போனேன். தொண்டர்களுக்குக் குறைவில்லை. சோறும் துணியும் வந்தன. ஆனால் வந்தவர் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "என்ன நடந்தது?" கணவனை இழந்த ஒரு பெண் அதே கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லி, கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டாள். கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அங்கிருந்த ஓர் இளம் தொண்டர் மட்டும் எதுவும் கேட்காமல் அப்பெண்ணின் அருகில் அமர்ந்து, தண்ணீர் வேண்டுமா, பிள்ளைக்கு உறங்க இடம் இருக்கிறதா என்றே விசாரித்தாள். மனம் அவளுக்கு அதைக் கற்பித்திருந்தது. ஆனால் மூன்றாம் நாள் அவளே ஒரு மூலையில் சுருண்டு அழுதாள். அவளைத் தாங்க அங்கு யாரும் இருக்கவில்லை.

துயருற்றவரைக் கதை சொல்லும்படி வற்புறுத்தலாகாது, உடனடித் தேவையை முதலில் கேட்க வேண்டும் என்பதெல்லாம் இத்துறையில் இன்று முறையாகக் கற்பிக்கப்படும் பாடங்கள் என்று பின்னாளில் அறிந்தேன். களப்பயிற்சியில் மாணவருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருப்பதும் காரணத்தோடுதான். பிறர் சுமையைத் தாங்குபவரின் சுமையையும் யாராவது பார்க்க வேண்டும் அல்லவா?

கொழும்பு நிறுவகம் பின்னர் அரசின் பொறுப்பில் வந்தது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று. இளமாணிப் பட்டப்படிப்பு அங்கு 2005இல், கடற்கோள் நிகழ்ந்த மறு ஆண்டில், ஆரம்பமானது. 1952க்கும் 2005க்கும் இடையில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள். அந்த இடைவெளியில் இந்த நாடு எத்தனை முகாம்களைக் கண்டது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"மனம் வேண்டும், அது இல்லாமல் இந்தப் படிப்பால் பயனில்லை" என்று தகப்பனாரிடம் சொன்னேன். "ஆனால் மனம் உடையாமல் நெடுநாள் உழைக்கப் படிப்பு வேண்டும். எங்கள் சனத்தின் துயரை எங்கள் மொழியிலேயே கேட்கத் தெரிந்தவர்களும் வேண்டும்."

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, விண்ணப்ப முடிவுத் திகதி எப்போது என்று மகளிடம் கேட்டார்.