முலாமிலிருந்து உலோகத்துக்கு: கைத்துப்பாக்கி வெளுத்த வரலாறு

நிக்கல் முலாமிட்ட ரிவால்வரையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வரையும் அருகருகே வைத்தால் இரண்டும் வெள்ளையாகத்தான் தோன்றும். உற்றுப் பார்த்தால் நிக்கலில் மெல்லிய மஞ்சள் சாயலும் எஃகில் சாம்பல் சாயலும் புலப்படும். இவற்றில் எது மேல் என்று துப்பாக்கி சேகரிப்போர் ஓயாமல் வாதிடுகிறார்கள். இரண்டையும் போட்டியாளர்களாக நிறுத்துவது வரலாற்றுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. முன்னது பெரும்பாலும் வெடிமருந்துக் கசடை எதிர்க்க வந்தது. பின்னது மனித வியர்வையை எதிர்க்க வந்தது. இடையில் ஏறத்தாழ நூறாண்டு கழிந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் துப்பாக்கிகளில் பயன்பட்டது கருமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவை. அது எரிந்தபின் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே எஞ்சும். அதிலுள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ரிவால்வரில் சுழலுருளைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி உண்டு. அதன் வழியே பீறிடும் புகை சட்டகத்தின் முன்புறமெங்கும் படியும். அக்கால வழக்கப்படி எஃகுக்கு ஏற்றப்பட்ட நீலப்பூச்சோ உண்மையில் இரும்பு ஆக்சைடின் மெல்லிய படலம்தான். எண்ணெய் காய்ந்தால் அதற்கு வலுவில்லை.

நிக்கலை மின்னாற்றலால் படியவைக்கலாம் என்பதை ஜெர்மானிய வேதியியலர் பாட்கர் 1840-களிலேயே காட்டிவிட்டார். அதைத் தொழிற்சாலைக்கு உகந்ததாக்கியவர் பாஸ்டனைச் சேர்ந்த ஐசக் ஆடம்ஸ். நிக்கல்–அம்மோனியம் சல்பேட் கரைசலுக்கான அவரது காப்புரிமை 1869-இல் கிடைத்தது. அடுத்த ஆண்டின் இறுதியிலேயே அமெரிக்க ராணுவம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்திடம் கேட்ட 1,000 மாடல் 3 ரிவால்வர்களில் 200 நிக்கல் முலாமிட்டவை. மற்ற 800 நீலப்பூச்சு. புதிய நுட்பம் ஒன்று ராணுவக் கொள்முதலில் இவ்வளவு விரைவாக இடம்பிடித்தது வியப்புக்குரியது. பொதுச் சந்தையில் நிக்கலுக்குக் கிடைத்த வரவேற்புக்கு வேறொரு காரணமும் உண்டு. மட்டமான இரும்பில் செய்த மலிவு விலைப் பாக்கெட் ரிவால்வர்களின் குறைகளை அதன் பளபளப்பு மறைத்தது.

ஆனால் நிக்கல் இரும்புக்குக் கவசம் மட்டுமே. துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். நிக்கலில் நடப்பது நேர்மாறு. ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் ஈரம் புகுந்து, அடியிலுள்ள இரும்பு முன்னிலும் வேகமாக அரிபடும். முலாம் கொப்புளித்து உரியும். பல வேலைப்பாடுகளில் நிக்கலுக்கு அடியில் செம்புப் படலம் இருக்கும். குழலைத் துடைக்கும் அம்மோனியா கலந்த திரவம் அந்தச் செம்பைக் கரைத்து முலாமைத் தூக்கிவிடும் என்ற எச்சரிக்கையைப் பழைய துப்பாக்கி வைத்திருப்போர் இன்றும் சொல்வதுண்டு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் பிறப்பே துப்பாக்கிக் குழலோடு தொடர்புடையது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோகவியலர் ஹாரி பிரேர்லி ஆராய்ந்துகொண்டிருந்தது, சூட்டினால் குழலின் உட்புறம் தேய்வதைத் தடுக்கும் வழியை. 1913 ஆகஸ்டில் அவர் வார்த்த எஃகில் குரோமியம் 12.8 விழுக்காடு. நுண்ணோக்கிச் சோதனைக்காக அமிலம் பூசியபோது அது அரிபட மறுத்தது. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகிறது. கீறினாலும் அது தானே மீண்டும் உருவாகிவிடும். நிக்கலால் இயலாதது இதுவே. பிரேர்லியின் எஃகு முதலில் சென்று சேர்ந்த இடமோ மேசைக் கத்தி. (நம் எவர்சில்வர் பாத்திரம் பெரும்பாலும் வேறு கிளை: நிக்கலும் சேர்ந்த, வெப்பத்தால் கடினமாகாத வகை. துப்பாக்கியின் முக்கியப் பாகங்களுக்குப் பெரும்பாலும் வெப்பத்தால் கடினமாக்கத்தக்க, காந்தம் ஒட்டும் வகையே ஏற்றது.)

குழலுக்காகத் தேடப்பட்ட உலோகம் கைத்துப்பாக்கிக்குத் திரும்ப ஏன் அரை நூற்றாண்டு பிடித்தது? கடைசலில் அது வெட்டுளியை மழுக்கியது. ஒரே வகை எஃகுப் பாகங்கள் உராயும்போது ஒன்றோடொன்று கவ்வி உரிந்தன. சறுக்குப்பகுதி முன்பின் ஓடும் தானியங்கிப் பிஸ்டல்களில் இத்தொல்லை 1970-களிலும் தீரவில்லை. இதைவிட முக்கியமாக நான் கருதுவது, தேவையே தளர்ந்துபோனதை. கசடு மிகக் குறைந்த புகையில்லா மருந்து 1884-க்குப் பின் பரவியது. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரிலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து விட்டுச்சென்ற உப்பு அதன்பின்னும் குழலை அரித்தது. ரெமிங்டன் 1927-இல் கொண்டுவந்த கிளீன்போர் போன்ற தோட்டாக்கள் அந்த உப்பையும் ஒழித்தன. உள்ளிருந்து வந்த பகை ஏறக்குறைய ஓய்ந்தது.

எஞ்சியது வெளியிலிருந்து வருவது. சட்டைக்குள் உடலோடு ஒட்டி நாள் முழுவதும் கிடக்கும் சிறு ரிவால்வரை வியர்வையின் உப்பு அரிக்கும். உறையின் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே 1965-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த முதல் ரிவால்வர், ஐந்து தோட்டா கொள்ளும் மாடல் 60, மறைத்துவைத்துக் கொண்டுபோகும் குட்டித் துப்பாக்கியாக இருந்தது தற்செயல் அல்ல. தொடக்கத்தில் அதையும் நிக்கலைப் போலவே பளபளவென்று மெருகிட்டார்கள். பிறகு மங்கலான மேற்பரப்புக்கு மாறினார்கள். அந்நிறுவனத்தின் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தியும் விசையும் மட்டும் நெடுங்காலம் சாதாரணக் கார்பன் எஃகாகவே இருந்தன. மற்றப் பாகங்களின் நிறத்தோடு பொருந்துவதற்காக அவற்றின் மேல் மெல்லிய குரோமிய முலாம் பூசப்பட்டது.