படர்க்கையிலிருந்து தன்மைக்கு: ஓட்டிசம் கொண்டோர் தம்மைப் பேசிய வரலாறு

'அவன்' என்பது படர்க்கை, 'நான்' என்பது தன்மை. இதைக் கீழ் வகுப்புகளிலேயே படிப்பிக்கிறோம். ஆனால், தம்மைப் பற்றிப் பிறர் பேசக் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு கூட்டத்தார், 'நாங்கள்' என்று சேர்ந்து வாய் திறக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. ஓட்டிசம் கொண்ட வளர்ந்தோரின் வரலாறு அது.

1943இல் அமெரிக்காவின் போல்ட்டிமோர் நகரில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மறு வருடம் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். பிறகு பழி தாய்மார் மேல் விழுந்தது. பெற்றோரின் அன்பின்மையே காரணம் என்று வாதிட்டு 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு நூலே வெளியிட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, இது உடற்கூறு சார்ந்தது என்று எழுதியவர் பேர்னார்ட் ரிம்லாண்ட். அவர் ஓட்டிசம் கொண்ட ஒரு மகனின் தகப்பன். முதலில் வைத்தியர் பேசினர், அடுத்துப் பெற்றோர் பேசினர். இரண்டும் படர்க்கைதான்.

1986இல் அமெரிக்கரான டெம்பிள் கிராண்டினும் 1992இல் அவுஸ்திரேலியரான டோனா வில்லியம்ஸும் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டனர். அதே 1992இல் வில்லியம்ஸ், ஜிம் சின்கிளேர், கத்தி கிராண்ட் ஆகியோர் தமக்கென ஒரு வலையமைப்பைத் தொடங்கினர். கடிதத்தில் அறிமுகமாகிப் பின்னர் நேரில் சந்தித்தவர்கள் இவர்கள். செய்திமடல் வந்தது, கணினி வழிக் கடிதங்களும் வந்தன. முகத்தைப் பார்த்து உடனே பதில் சொல்லும் நெருக்கடி எழுத்தில் இல்லை. யோசித்து, ஆறுதலாக எழுதலாம். பலருக்கு அதுவே கதவைத் திறந்தது.

1993இல் ரொறன்ரோ மாநாட்டில் சின்கிளேர் பெற்றோரைப் பார்த்தே பேசினார். நீங்கள் கனவு கண்ட பிள்ளைக்காக அழுங்கள், உயிரோடு உங்கள் முன் நிற்கும் எங்களுக்காக அழ வேண்டாம் என்பதே அப்பேச்சின் சாரம். 1996 முதல் ஆண்டுதோறும் கூடினர். அங்கே வாசனைத் திரவியம் பூசக் கூடாது. சிவப்பு அட்டை அணிந்தவரோடு யாரும் வலியப் போய்ப் பேசக் கூடாது. தமக்கு ஒத்துவரும் சபை ஒழுக்கத்தைத் தாமே வகுத்துக்கொண்டார்கள்.

நமது பக்கத்து நாட்டிலும் ஒரு குரல் எழுந்தது. வாயால் அதிகம் பேசாத தீத்தோ முகோபாத்யாய்க்குத் தாய் சோமா எழுதப் படிப்பித்தார். அவர் பிள்ளைப் பருவத்தில் எழுதியவை 2000இல் பிரித்தானியாவில் நூலாகின.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய எமது ஊர்களிலோ படர்க்கை இன்னும் விலகவில்லை. "அவன் ஒரு மாதிரி", "ஜின் பார்வை பட்ட புள்ள" என்பார்கள். ஓதி நூல் கட்டுவார்கள். படித்தவர்கள் சொல்லும் 'மதியிறுக்கம்' மட்டும் என்ன? இறுகியது மதிதான் என்று முடிவுகட்டிய அச்சொல்லை, அவர்களைக் கேட்டா ஆக்கினோம்? மீன் தரம் பிரிக்கப் போகும் முப்பது வயதுக்காரர் ஒருவர் எமது ஊரில் இருக்கிறார். மீன் வகையில் அவர் கண் பிழைத்ததில்லை. கலியாண வீட்டுக்கு மட்டும் வரமாட்டார். "அவனுக்குச் சத்தம் ஒத்துவராது சேர்" என்பார் உம்மா. அவருக்கு ஓட்டிசமா என்று தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியன் அல்லன். ஆனால் அவருக்காக எப்போதும் உம்மாதான் பேசுகிறார்.

கானர் எழுதிய 11 பேரில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பியின் ஒரு சிற்றூரில் வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் விளையாடி, 2023இல் 89 வயதில் மறைந்தார். ஊர் அவரைத் தன் ஆளாக வைத்திருந்தது. எமது ஊர்களுக்கும் அந்த மனம் உண்டு. மீன் துறையில் வேலை கொடுத்தது அந்த மனம்தான். ஆனால் அது பாதிதான். தன்னைப் போல் இன்னொருவர் இருக்கிறார் என்று அறிவது மறுபாதி.

இலங்கையின் நகரை அண்டிய பகுதியொன்றில், இரண்டு வயதை எட்டாத குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்றது அது. அக்குழந்தைகள் இன்று வாலிபர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் நம்மிடம் இருக்கிறது. ஊர் நூலகத்தில் மாதத்தில் ஒரு மாலை, ஒலிபெருக்கி இல்லாத ஓர் அறையை அவர்களுக்கு ஒதுக்கினால் செலவு எதுவுமில்லை. பேச விரும்புவோர் பேசட்டும், எழுத விரும்புவோர் எழுதட்டும். முதலில் அவர்கள் 'நாங்கள்' என்று சொல்லட்டும். கேட்போரையும் உள்ளடக்கும் 'நாம்' என்ற சொல் அதன் பிறகே பொருந்தும்.