நரகச் சிலைகள் கூறும் நீதி

சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங்கிலுள்ள ஹா பார் வில்லா என்னும் சிலைப் பூங்காவுக்கு நம்மவர் பலர் சென்றிருப்பர். மனிதத் தலை கொண்ட நண்டு, மூதாட்டிக்குத் தாய்ப்பால் ஊட்டும் மருமகள் முதலிய விந்தைகளைக் கண்டு சிரித்துவிட்டு வீடு திரும்புவோரே பெரும்பாலார். சிரிப்போடு முடிந்துவிடக் கூடியதா அக்கலை?

1937-இல் அதனை அமைத்தவர் ஆவ் பூன் ஹா. இரங்கூனில் மூலிகை மருந்து விற்றவரின் மைந்தராய்ப் பிறந்து, புலிச் சின்னத் தைலத்தால் பெருஞ்செல்வரானவர். தம்பி ஆவ் பூன் பாருக்கென எழுப்பிய மாளிகையைச் சுற்றிச் சீனரின் பழங்கதைகளையும் ஒழுக்க நெறிகளையும் சிலைகளாக நிறுத்தினார். எழுத்தறியாதவரும் கண்ணால் படிக்கத்தக்க நூல் அது. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1944-இல் தம்பி இரங்கூனில் மாண்டார். போர் முடிந்து திரும்பிய தமையனார் சிதைந்த மாளிகையை இடித்துவிட்டார். சிலைகளையோ மேலும் பெருக்கினார்.

அவற்றுள் பெயர் பெற்றவை பத்து நரக மன்றங்கள். ஐந்தாம் மன்றத்துத் தலைவன் யான்லுவோ, பௌத்தத்துடன் சீனம் சென்ற நம் யமனேயாவான். அம்மன்றத்தில் கொடு வட்டி வாங்கியவன் கத்தி மலைமீது எறியப்படுகிறான். நான்காம் மன்றத்தில் வாணிகத்தில் வஞ்சித்தவன் கல்லால் இடிக்கப்படுகிறான். வாடகை கொடுக்க மறுத்தவனுக்கும் அதே தண்டனைதான்! ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார் அங்கில்லை.

நரகலோகம் உண்டென்பதைப் பகுத்தறிவு ஒப்பாது. ஆயினும் அதனைக் கற்பித்த மனித உள்ளம் பொய்யன்று. வட்டிக்காரனுக்குக் கத்தி மலையை விதித்தது, அவனை இவ்வுலக மன்றத்தில் வெல்ல வகையற்ற ஏழையின் நெஞ்சம். வாடகை கொடாதவனை இடிக்கச் சொன்னது, வீடுடையவனின் நெஞ்சம். ஏழையின் முறையீடும் உடையவனின் கட்டளையும் ஒருங்கே எழுதப்பட்ட ஏடு அந்நரகம். பயந்து பார்ப்பவனுக்கு அது மூடநம்பிக்கை. ஆராய்ந்து பார்ப்பவனுக்கு அது சமுதாயத்தின் வரலாறு.

பத்தாம் மன்றத்தில் மெங் போ என்னும் கிழவி நிற்கிறாள். மறுபிறவிக்குச் செல்வோர் பழைய வாழ்வை மறக்க அவள் தேநீர் தருகிறாள். நம்மில் பலரோ உயிருடன் இருக்கும்போதே அதனைப் பருகிவிட்டோம்! ஏமாற்றிய கணக்கையும் இழந்த கூலியையும் மறந்து, எல்லாவற்றையும் யமன் பார்த்துக்கொள்வான் என்று வாளாவிருக்கிறோம்.

தோழர்களே, யமனிடம் விட்ட வழக்கைத் திரும்பப் பெறுங்கள். ஒன்றுகூடிக் கணக்குக் கேட்கும் மன்றத்தை இவ்வுலகிலேயே அமைப்போம்.