இண்டெக்ஸ் ஃபண்ட்: சான்று வந்தது 1933, திட்டம் வந்தது 1976

ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் இண்டெக்ஸ் ஃபண்ட். அதன் வரலாற்றை வேன்கார்டு நிறுவனர் ஜான் போகிளின் துணிச்சலிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. ஆலோசகர்கள் சந்தையை வெல்வதில்லை என்பதற்கு அமெரிக்காவில் சான்று கிடைத்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தே சாமானியர் வாங்கக்கூடிய திட்டம் வந்தது. ஏன் இவ்வளவு தாமதம்?

1929 பங்குச் சந்தைச் சரிவைக் கணிக்கத் தவறிய முதலீட்டு ஆலோசகர்களைப் பொருளாதார ஆய்வாளர் ஆல்ஃபிரட் கௌல்ஸ் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அவரது ஆய்வு 1933-இல் 'எகனாமெட்ரிகா' இதழில் வெளிவந்தது. 16 நிறுவனங்கள் தந்த சுமார் 7,500 பரிந்துரைகளை அலசியதில், அவற்றின் சராசரி சந்தையைவிட ஆண்டுக்கு 1.43 சதவீதம் பின்தங்கியிருந்தது. முன்னணியில் நின்ற சிலரின் வெற்றியும் சீட்டுக் குலுக்கி எடுத்த யூகங்களை விஞ்சவில்லை. ஆலோசனைத் தொழிலோ தடையின்றி வளர்ந்தது.

1960-இல் எட்வர்ட் ரென்ஷா, பால் ஃபெல்ட்ஸ்டைன் இருவரும் மேலாளர் இல்லாத ஃபண்ட் ஒன்று வேண்டும் என்று எழுதினார்கள். அதே ஆண்டு 'ஜான் பி. ஆம்ஸ்ட்ராங்' என்ற பெயரில் மறுப்பு வந்தது. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் வெலிங்டன் நிறுவன ஊழியரான போகிளேதான்! 1968-இல் மைக்கேல் ஜென்சன், 1945 முதல் 1964 வரையிலான காலத்துக்கு 115 மியூச்சுவல் ஃபண்டுகளை ஆராய்ந்தார். நிர்வாகச் செலவைக் கழிக்கும் முன்பேகூட அவை சராசரியாகச் சந்தையை வெல்லவில்லை.

1971-இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, சாம்சொனைட் நிறுவனத்தின் ஓய்வூதியப் பணம் 60 லட்சம் டாலரைக் கொண்டு ஒரு முயற்சி செய்தது. நியூயார்க் சந்தையின் எல்லாப் பங்குகளிலும் சம அளவு முதலீடு என்பது திட்டம். விலைகள் நாள்தோறும் மாறுவதால், சமநிலையைக் காக்க ஓயாமல் வாங்கி விற்க வேண்டியிருந்தது. தரகுச் செலவு ஏறியது. பிறகே, சந்தை மதிப்புக்கேற்பப் பங்குகளை வைத்திருக்கும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டு முறைக்கு வங்கி மாறியது.

1974 ஜனவரியில் வெலிங்டன் மேனேஜ்மென்ட் போகிளைப் பதவியிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு அவர் தொடங்கிய வேன்கார்டுக்கு நிர்வாகப் பணிக்கு மட்டுமே அனுமதி. முதலீட்டு மேலாண்மை பழைய நிறுவனத்திடமே இருந்தது. இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மேலாண்மையே தேவையில்லை என்று வாதிட்டு அவர் அந்தத் தடையைக் கடந்தார். அத்தகைய ஃபண்ட் வேண்டும் என்று பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1974-இல் எழுதிய கட்டுரையும் கைகொடுத்தது. ஆனாலும் 1976 ஆகஸ்டில், 15 கோடி டாலர் எதிர்பார்த்த அந்த ஃபண்டின் வெளியீட்டில் திரண்டது 1.13 கோடிதான். எஸ் அண்ட் பி குறியீட்டின் 500 பங்குகளையும் உரிய விகிதத்தில் வாங்க அது போதவில்லை.

என் மதிப்பீட்டில், தாமதத்தின் வேர் உரிமையமைப்பில் இருக்கிறது. கட்டணத்தைக் குறைத்தால் நிர்வாக நிறுவனத்தின் லாபம் குறையும். தெரிந்தே அதைச் செய்ய எந்த உரிமையாளர் முன்வருவார்? வேன்கார்டின் உரிமை அதன் ஃபண்டுகளிடமும், அவற்றின் வழியே முதலீட்டாளர்களிடமும் இருந்ததால் அங்கே அந்த முரண் எழவில்லை. 1977-இல் விற்பனைக் கட்டணத்தையும் நீக்கினார்கள்.

கௌல்ஸ் தரவு திரட்டிக் காட்டியதை 1991-இல் வில்லியம் ஷார்ப் வெறும் கணக்காகவே நிறுவினார். எல்லா முதலீட்டாளரும் சேர்ந்ததுதான் சந்தை; குறியீட்டை அப்படியே வாங்குவோர் பெறுவதும் சந்தையின் ஈட்டமே. எனவே செலவுக்கு முன் தேர்ந்தெடுத்து வாங்குவோரின் சராசரி ஈட்டம் சந்தையின் ஈட்டமே, செலவுக்குப் பின் அதைவிடக் குறைவு. நீண்டகால முதலீட்டில் இது சிறு தொகை அல்ல. ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் 10,000 டாலர், முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,00,600 ஆகும். ஆண்டுதோறும் ஒன்றரை சதவீதம் செலவில் போனால் கிடைப்பது 66,000 சொச்சம்தான்.