எஃப்8-ஐத் தட்டிக்கிட்டே இரு

2008-ல எனக்குப் பத்து பதினோரு வயசு இருக்கும். கும்பகோணத்துல எங்க வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. எவனோ குடுத்த சிடியில இருந்த டிஸ்ப்ளே டிரைவரைப் போட்டேன். கேம் வேகமா ஓடும்னு சொன்னான். ரீஸ்டார்ட் பண்ணினா விண்டோஸ் லோகோ வருது, அப்புறம் கும்மிருட்டு. அப்பா ஆபீஸ்ல இருந்து வர இன்னும் மூணு மணி நேரம் இருந்தது. லேண்ட்லைன்ல சென்னையில இருந்த சித்தப்பாவுக்கு அடிச்சேன்.

"ஆன் பண்ணின உடனே எஃப்8-ஐத் தட்டு. ஒரு தடவை இல்லடா, தட்டிக்கிட்டே இரு."

தட்டினேன். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்துல ஒரு பட்டியல் வந்தது. அதுல சேஃப் மோட். உள்ளே போனா எழுத்தெல்லாம் பூதாகரமா இருக்கு, நாலு மூலையிலயும் 'சேஃப் மோட்'னு எழுதியிருக்கு. டிவைஸ் மேனேஜர்ல போய் டிரைவரைத் தூக்கினதும் பழையபடி எல்லாம் வந்திடுச்சு. சித்தப்பா மந்திரவாதின்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன்.

இப்ப நானே பொட்டி தட்டித்தான் சாப்பிடுறேன். யோசிச்சுப் பார்த்தா சேஃப் மோட் எதையுமே சரி பண்ணாது. சிலதைச் செய்யாம விடும், அவ்வளவுதான். வெளியில இருந்து வந்த டிரைவர், தானா கிளம்புற புரோகிராம் எல்லாத்தையும் வாசல்லயே நிறுத்திட்டு, உயிர் பிழைக்கத் தேவையானதை மட்டும் உள்ளே விடும். அப்படி நல்லா ஓடுச்சுன்னா, கோளாறு அநேகமா நாம சேர்த்ததுலதான் இருக்கு. அதுலயும் சாகுதுன்னா ஹார்ட்வேரையோ, விண்டோஸையோ சந்தேகப்படணும். வைத்தியர் மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி 'ரெண்டு நாள் கஞ்சி மட்டும் குடி'ன்னு சொல்ற மாதிரி.

சரி, இந்தக் கஞ்சி வைத்தியம் எப்ப ஆரம்பிச்சது?

டாஸ் காலத்துல மெஷின் கிளம்பும்போது கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட்னு ரெண்டு ஃபைலை வரிசையாப் படிக்கும். மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், மெமரி மேனேஜர் எல்லாம் அங்கேதான் எழுதி வைக்கணும். 640 கேபி-க்குள்ள எல்லாத்தையும் அடைக்க அவனவன் அந்த ஃபைல்களை நோண்டிக்கிட்டே இருப்பான். ஒரு வரி தப்பாப் போச்சுன்னா மெஷின் பாதி வழியில நின்னுடும். தப்பைத் திருத்தணும்னா மெஷின் கிளம்பணும், மெஷின் கிளம்பணும்னா தப்பைத் திருத்தணும். அதனாலதான் விவரமானவங்க பூட் ஃப்ளாப்பி ஒண்ணு தனியா வச்சிருப்பாங்க. 1993-ல வந்த எம்எஸ்-டாஸ் 6 இந்தச் சிக்கலை ஒரே ஒரு கீயில அவிழ்த்தது. 'ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்'னு வரும்போது ரெண்டு செகண்ட் நிக்கும். அப்ப எஃப்5 தட்டினா ரெண்டு ஃபைலையும் படிக்காம நேரா உள்ளே போயிடும். எஃப்8 தட்டினா கான்ஃபிக்.சிஸ்-ல ஒவ்வொரு வரிக்கும் 'இதைச் செய்யட்டுமா?'ன்னு உங்களையே கேட்கும். எந்த வரியில சாகுதோ அதுதான் குற்றவாளி.

அப்பவே இந்தக் கதவை அடைக்கவும் வழி வச்சிருந்தாங்க. கான்ஃபிக்.சிஸ்-ல ஸ்விட்ச்சஸ்னு ஒரு வரி எழுதி அதுல 'என்' போட்டுட்டா, எஃப்5, எஃப்8 ரெண்டும் வேலை செய்யாது. மெஷின் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன் வேற, அதுக்குச் சொந்தக்காரன் வேறங்கிற சண்டை 30 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு.

ஆப்பிள்காரங்க இதுல கொஞ்சம் முந்தி. 1991-ல வந்த சிஸ்டம் 7-ல ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஆன் பண்ணினா எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாம கிளம்பும். யார் குற்றவாளின்னு கண்டுபிடிக்க பாதியை நிறுத்திப் பார்க்கிறது, அப்புறம் அதுல பாதி, அதுல பாதின்னு போறது. காலேஜ்ல பைனரி சர்ச்னு படிச்சோமே, அதேதான். இந்த வேலையை மட்டுமே செய்யுற கான்ஃப்ளிக்ட் கேட்ச்சர்னு ஒரு சாஃப்ட்வேரை விலை போட்டு வித்தாங்கன்னா பார்த்துக்குங்க.

'சேஃப் மோட்' நம்ம ஊர் ஆபீஸ் வரைக்கும் வந்தது 1995 ஆகஸ்ட் 24-ல வெளியான விண்டோஸ் 95-ஓடதான். அதுல 16 கலர், 640-க்கு 480 திரை. போன தடவை ஒழுங்காக் கிளம்பலைன்னா அதுவே 'சேஃப் மோடுக்குப் போறீங்களா?'ன்னு கேட்கும். ஆபீஸ் பக்கம் ஓடின விண்டோஸ் என்டி 4-ல (1996) இது கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு விண்டோஸ் 2000-ல்தான் வந்தது, அங்கிருந்து எக்ஸ்பிக்கு. ரிஜிஸ்ட்ரியில 'சேஃப்பூட்'னு ஒரு இடம் இருக்கு. சேஃப் மோட்ல யார் யாரை உள்ளே விடலாம்னு பட்டியல் அங்கேதான் இருக்கும்.

பட்டியல் எங்கே இருக்குன்னு திருடனுக்கும் தெரியுமே! சாலிட்டின்னு ஒரு வைரஸ், உள்ளே வந்ததும் அந்தப் பட்டியலையே அழிச்சிடும். தன்னைப் பிடிக்க சேஃப் மோட்ல வருவாங்கன்னு அதுக்குத் தெரியும். 2019-ல ஸ்னாட்ச்ங்கிற ரேன்சம்வேர் இன்னும் ஒரு படி மேல. மெஷினை அதுவே சேஃப் மோட்ல ரீஸ்டார்ட் பண்ணிட்டு, அங்கே உட்கார்ந்து ஃபைல்களைப் பூட்டும். ஏன்னா ஆன்டிவைரஸ் பெரும்பாலும் சேஃப் மோட்ல ஓடாது. வாட்ச்மேனையும் சேர்த்துத்தானே வாசல்ல நிறுத்தி வச்சிருக்கோம்.

எஃப்8-க்கு முடிவு வந்தது வேகத்தால. 2012-ல விண்டோஸ் 8 வந்தப்போ மைக்ரோசாஃப்டே ஒரு கணக்கு சொன்னாங்க: வேகமான மெஷின்ல கீயைத் தட்டக் கிடைக்கிற நேரம் 200 மில்லி செகண்டுக்கும் குறைவு. மனுஷ விரலால முடியாது. அதனால எஃப்8 தூக்கப்பட்டு, ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கன்னு ஆச்சு. ரீஸ்டார்ட் பட்டன் தெரியணும்னா விண்டோஸ் கிளம்பணுமே? பழைய டாஸ் சிக்கல் அப்படியே திரும்ப வந்திடுச்சு. தொடர்ந்து கிளம்பாம போனா அதுவே ரெக்கவரி திரைக்குப் போகும்ங்கிறதுதான் ஒரே ஆறுதல்.

இதெல்லாம் எவ்வளவு முக்கியம்னு உலகத்துக்கே தெரிஞ்சது 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரம் காலை 9:39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பிச்சு. 291-ங்கிற எண் போட்ட ஒரு ஃபைல். அதைப் படிச்ச டிரைவர் விண்டோஸையே கவிழ்த்தது. மெஷின் கிளம்பும்போதே ஏறுற டிரைவர்ங்கிறதால, திரும்பத் திரும்ப நீலத் திரை. 10:57-க்கு அப்டேட்டை வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா ஏற்கெனவே விழுந்த மெஷின் நெட்டுக்கு வந்தாத்தானே வாபஸ் வாங்கினது அதுக்குத் தெரியும்? மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் மெஷின். அமெரிக்காவுல டெல்டா மட்டும் சுமார் 7,000 விமானங்களை ரத்து பண்ணிச்சு. நம்ம ஊர் ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க.

வைத்தியம்? சேஃப் மோட் இல்லைன்னா ரெக்கவரி திரைக்குப் போ, அந்த ஃபைலை அழி, ரீஸ்டார்ட் பண்ணு. பத்து நிமிஷ வேலை. ஆனா ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஒரு ஆள் நிக்கணும். அதுலயும் பிட்லாக்கர் போட்டிருந்தா 48 இலக்க எண்ணைத் தட்டணும். கிளவுடு, ஆட்டோமேஷன்னு இருந்த உலகம் ஏணியைத் தூக்கிக்கிட்டு ஏர்போர்ட் போர்டுகளுக்குப் பின்னாடி ஏறினது அன்னைக்குத்தான். பல இடத்துல ஃபோன்ல ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் தட்டியிருப்பாங்க. எனக்கு எங்க லேண்ட்லைன்தான் ஞாபகம் வந்தது. அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான், கிளம்பாத மெஷின் ரெக்கவரி திரையில இருந்தே நெட்டுல போய் மருந்தைத் தேடிக்கிற வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவிச்சாங்க. 2025-ல விண்டோஸ் 11-க்கு அது வந்தும் விட்டது.

ஃபோன் கதை சின்னது. ஆண்ட்ராய்டுல 2012-ல வந்த 4.1 முதல், பவர் மெனுவுல 'பவர் ஆஃப்' மேல விரலை வச்சு அழுத்திப் பிடிச்சா சேஃப் மோட் கேட்கும் (சில கம்பெனி ஃபோன்ல வழி வேற). நாம இறக்கின ஆப் எதுவும் ஓடாது. ஐஃபோன்ல ஆப்பிள் இதைக் குடுக்கவே இல்லை. ஆப்பை அவ்வளவு ஆழத்துக்கு விடுறதில்லைங்கிறது அவங்க கொள்கை. பூட்டை உடைச்ச ஜெயில்பிரேக் ஆளுங்கதான் தங்களுக்குன்னு ஒரு சேஃப் மோட் செஞ்சுக்கிட்டாங்க. :-)

போன மாசம் சித்தப்பா கூப்பிட்டார். ரிட்டயர் ஆகி வருஷம் ரெண்டாச்சு. ஃபோனைத் தொட்டாலே விளம்பரம் வந்து மேல உட்காருதாம், செட்டிங்ஸ் உள்ளே போகவே விடலையாம். சித்தி ஃபோன்ல இருந்துதான் பேசினார்.

"பவர் ஆஃப் தெரியுதா சித்தப்பா? அது மேல விரலை வச்சு அப்படியே பிடிங்க. எடுத்துடாதீங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கீழ மூலையில என்னமோ எழுதியிருக்குடா," என்றார்.